நடுவே ஒரு திரை: 'சில்ட்ரன் ஆஃப் பாரடைஸ்' படத்தை இரண்டு பாகமும் முழுதாகப் பார்க்க ஒரு வழிகாட்டி

இந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது, முதல் பாகத்தை ஓர் ஞாயிறு இரவில் முடித்தேன். இரண்டாம் பாகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்ததில் மூன்று வாரம் ஓடிவிட்டது. திரும்ப உட்கார்ந்தபோது யார் யாரை விரும்பினார்கள் என்பது நினைவிருந்தது. ஏன் அவ்வளவு தவித்தார்கள் என்பது மனதைவிட்டுப் போயிருந்தது. ஒரு வருடம் கழித்து ஒரே மாலையில், நடுவே அரை மணி நேரம் மட்டும் விட்டுப் பார்த்தேன். கடைசித் திரை இறங்கிய பிறகு வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை. அதே படம், அதே பிரதி. நடுவில் விட்ட இடைவெளிதான் வேறு.

அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இடைவெளியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

படம் எது, ஏன் இரண்டு பாகம்

பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை. இயக்கியவர் மார்செல் கார்னே, எழுதியவர் கவிஞர் ழாக் பிரெவேர். மொத்தம் சுமார் 190 நிமிடம். முதல் பாகத்தின் பெயர் 'குற்றங்களின் வீதி', இரண்டாம் பாகத்தின் பெயர் 'வெள்ளை மனிதன்'. கதை நடப்பது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பாரிஸின் த்யு தாம்ப்ள் வீதியில். அங்கே வரிசையாக நாடகக் கொட்டகைகள் இருந்தன. மேடையில் தினமும் கொலையும் கொள்ளையும் நடந்துகொண்டே இருந்ததால் 'குற்றங்களின் வீதி' என்றே மக்கள் அதை அழைத்தார்கள். 1862இல் நகரத்தைத் திருத்தி அமைத்தபோது அந்தக் கொட்டகைகளை இடித்துவிட்டார்கள். படம் எடுத்தபோது அந்த வீதியை முழுசாக நீஸ் நகரத்து ஸ்டுடியோவில் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

படப்பிடிப்பு 1943இல் தொடங்கியது. ஜெர்மனி பிரான்ஸை ஆக்கிரமித்திருந்த காலம். ஜெர்மனியோடு ஒத்துழைத்த அப்போதைய பிரெஞ்சு அரசு (விஷி அரசு) ஒரு படம் 90 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி வைத்திருந்தது. கதையைச் சுருக்க மனமில்லாததால் இரண்டு படங்களாகக் கணக்குக் காட்டி எடுத்தார்கள். ஆனால் விதிக்காக வந்த பிளவைக் கார்னேயும் பிரெவேரும் வீணாக்கவில்லை. முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் தொடங்கும்போது கதைக்குள் பல ஆண்டுகள் கடந்திருக்கும். ஒவ்வொரு பாகமும் நாடகத் திரை விலகித் தொடங்கி, திரை இறங்கி முடியும். அந்த இரண்டு திரைகளுக்கு நடுவே கழிந்த ஆண்டுகளை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. காதல் முற்றிப்போவதும் முறிந்துபோவதும் காட்டப்படாத அந்த ஆண்டுகளில்தான். நாம் எடுக்கும் இடைவெளி அதன் நிழலாக அமைய வேண்டும்.

சரியான பிரதியைப் பிடியுங்கள்

தேடும்போது ஒரு குழப்பம் வரும். 'சொர்க்கத்தின் குழந்தைகள்' என்கிற பொருளில் தேடினால் 1997இல் வந்த ஈரானியப் படம்தான் முதலில் வந்து நிற்கும். ஒரு ஜோடிக் காலணியைப் பகிர்ந்துகொள்ளும் அண்ணன் தங்கை பற்றிய அருமையான படம் அது. நாம் தேடுவது வேறு. 'லெஸ் ஆன்ஃபான் த்யு பாரடி' என்ற பிரெஞ்சுப் பெயரையோ கார்னேயின் பெயரையோ சேர்த்துத் தேடினால் சரியான இடத்துக்குப் போய்விடலாம்.

தலைப்பில் வரும் 'பாரடி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சொர்க்கம். இன்னொன்று நாடக அரங்கின் உச்சி மாடம், இருப்பதிலேயே மலிவான இடம். நமக்குத் தரை டிக்கெட் எப்படியோ, அங்கே கூரையோர டிக்கெட் அப்படி. ஏழைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து, விசிலடித்து, திட்டி, அழுது நாடகம் பார்க்கும் இடம். அவர்கள்தான் 'பாரடி'யின் பிள்ளைகள்.

அடுத்து நேரத்தைப் பாருங்கள். 190 நிமிடத்துக்கு அருகில் இருந்தால் சரி. 182 நிமிடம் என்று போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓட வேண்டிய படத்தைப் பழைய ஐரோப்பிய டிவிடிகளில் 25 சட்டமாக ஓட்டுவார்கள். ஒரு காட்சியும் குறைந்திருக்காது, எல்லாம் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாகப் போகும், குரல் ஒரு பொட்டு மேலே ஏறிக் கேட்கும், அவ்வளவுதான். 170க்கும் கீழே போனால் மட்டும் விட்டுவிடுங்கள். வெட்டிச் சுருக்கிய பிரதிகள் சில காலம் உலவின. அவற்றில் ஊமைக்கூத்துக் காட்சிகள் வெட்டுப்பட்டிருக்கலாம். அவை போனால் படமே இல்லை. பாத்தே நிறுவனம் 2011இல் செப்பனிட்டு வெளியிட்ட பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள். பிரெவேரின் வசனத்தைப் போலவே முகங்களின் வெளிச்சமும் இந்தப் படத்தில் பேசும், மங்கிய பிரதியில் அது தெரியாது.

திரை, ஒலி, சப்டைட்டில்

படத்தின் சட்டகம் பழைய, ஏறக்குறைய சதுரமான அளவு. அகலமான டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அது அப்படியே இருக்கட்டும். திரையை நிரப்புகிறேன் என்று இழுத்துவிட்டால் நாயகியாக நடித்த ஆர்லெத்தியின் முகம் வீங்கிப்போகும். பெரிதாக்கி வெட்டினால் இன்னும் மோசம். மேல் ஓரத்தில் இருக்கும் உச்சி மாடத்து முகங்கள் காணாமல் போய்விடும். டிவி அமைப்பில் 'தானாகச் சரிசெய்' என்று இருப்பதை அணைத்துவிட்டு 'அசல் அளவு' என்பதை வையுங்கள். நகர்வை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். ஊமைக்கூத்துக் கலைஞன் பாப்தீஸ்தின் கைகள் அசையும் விதம் அதில் கெட்டுவிடும்.

ஒலி ஒற்றைத் தடம்தான். வீட்டில் ஐந்து ஸ்பீக்கர் இருந்தாலும் இதற்குப் பயன் கிடையாது. குரல் தெளிவாகக் கேட்டால் போதும்.

சப்டைட்டிலில் ஒரு கவனம் வேண்டும். சில பிரதிகளில் இரண்டு பாகமும் ஒரே கோப்பாக இருக்கும், சிலவற்றில் தனித்தனி. சப்டைட்டிலை வெளியிலிருந்து எடுத்துச் சேர்ப்பதாக இருந்தால் இரண்டாம் பாகத்தின் முதல் வசனத்தை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். முதல் பாகத்தில் ஒழுங்காக ஓடிய எழுத்து இரண்டாம் பாகத்தில் பத்து நொடி தள்ளி வருவது சாதாரணம். நல்ல மனநிலையில் இடைவேளை முடிந்து வந்து உட்கார்ந்தவர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் படம் கையைவிட்டுப் போய்விடும். இதையெல்லாம் முந்தின நாளே முடித்துவிடுவது நல்லது.

நேரம் ஒதுக்குவது

முதல் பாகம் சுமார் 100 நிமிடம், இரண்டாம் பாகம் சுமார் 90. நடுவே 30 நிமிடம் விட்டால் மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் முடியும்போது மணி பன்னிரண்டரையைத் தாண்டிவிடும். கடைசி அரை மணி நேரத்தைக் கண் சொருகப் பார்க்கக் கூடாத படம் இது. மாலை நாலரை, ஐந்துக்குத் தொடங்குங்கள், எட்டரை சுமாருக்கு முடிந்துவிடும்.

ஒரே மூச்சில் முடியாது என்றால் அடுத்தடுத்த இரண்டு மாலைகள். அதற்கு மேல் தள்ளாதீர்கள். முதல் பாகத்தையே இரண்டாக உடைத்து மூன்று நாளாகப் பார்ப்பதையும் நான் சொல்லமாட்டேன். தொடர் பார்க்கிற பழக்கத்தில் 'இன்றைக்கு ஐம்பது நிமிடம்' என்று நிறுத்தத் தோன்றும். ஆனால் இந்தப் படத்தில் அப்படி நிறுத்துவதற்கான இடங்களே கிடையாது. நிறுத்த வேண்டிய ஒரே இடத்தை அவர்களே திரைபோட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

முன்பே தெரிந்திருக்க வேண்டியது: ஒரு பெண், நான்கு ஆண்கள்

கதைச் சுருக்கம் எதையும் படிக்காதீர்கள். பெயர்கள் மட்டும் தெரிந்தால் போதும்.

கராந்ஸ், ஆர்லெத்தி நடித்தது. தன் பெயர் ஒரு பூவின் பெயர் என்று அவளே சொல்வாள். நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த செடி அது, வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் நடுநாயகத்துக்குச் சிவப்பின் பெயர்.

அவளை நான்கு பேர் விரும்புகிறார்கள், நான்கும் நான்கு விதம். பாப்தீஸ்த் ஊமைக்கூத்துக் கலைஞன், கனவு காண்பவன் (ழான்-லூயி பாரோ). ஃப்ரெடெரிக் லெமெத்ர், பேச்சாலேயே எவரையும் மடக்கும் நடிகன் (பியேர் பிராசெர்). லாஸ்னேர், பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் கடை வைத்துக்கொண்டு திருட்டும் கொலையும் செய்பவன் (மார்செல் எரான்). நான்காமவர் மோந்த்ரே பிரபு, பணத்தால் எதையும் அடையலாம் என்று பழகியவர் (லூயி சாலு). இவர்களோடு நத்தாலி என்ற நடிகை (மரியா காசாரெஸ்). அவள் பாப்தீஸ்தை விரும்புகிறாள். அவளைக் கவனமாகப் பாருங்கள். முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவளை இடைஞ்சலாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் அது உறுத்தும்.

ஆண்களில் முதல் மூவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். பாப்தீஸ்துக்கு மூலமான ழான்-காஸ்பார் தெபுரோ (1796–1846) ஊமைக்கூத்தை மக்கள் கலையாக உயர்த்தியவர். லெமெத்ர் அந்தக் காலத்தின் பெரும் நடிகர். லாஸ்னேர் 1836இல் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டவன். கராந்ஸ் பிரெவேரின் கற்பனை.

இன்னும் ஒரே ஒரு செய்தி. பாப்தீஸ்த் நடிக்கும் ஃபுனாம்புல் அரங்குக்கு மேடையில் வசனம் பேச அனுமதி கிடையாது. கழைக்கூத்தும் ஊமைக்கூத்தும் மட்டுமே ஆடலாம். பேச்சு என்பது பெரிய அரங்குகளின் உரிமை. இது தெரிந்தால் படத்தில் மௌனம் எவ்வளவு கனம் என்பது புரியும்.

முதல் பாகத்தைப் பார்ப்பது

தொடக்கத்தில் கூட்டம், இரைச்சல், கழைக்கூத்தாடி, பளு தூக்குகிறவன் என்று கண் எங்கே நிற்பதென்று தெரியாது. அது வேண்டுமென்றே செய்தது. யார் முக்கியம் என்று தேடாமல் பதினைந்து நிமிடம் அந்தத் தெருவில் சும்மா நடந்துகொண்டிருங்கள். முக்கியமானவர்கள் தாமாகவே கூட்டத்திலிருந்து பிரிந்து வருவார்கள்.

அப்புறம் ஒரு தொப்பைக்காரரின் தங்கக் கடிகாரம் பாக்கெட்டிலிருந்து திருடுபோகும். பழி கராந்ஸ் மேல் விழும். அரங்கு வாசலில், வெள்ளை உடையும் வெள்ளைப் பூச்சுமாக, அசடுபோல உட்கார்ந்திருக்கும் பாப்தீஸ்த் எல்லாவற்றையும் பார்த்திருப்பான். போலீஸ்காரனிடம் அவன் சாட்சி சொல்வது வாயால் அல்ல, உடம்பால். தொப்பைக்காரரின் வயிற்றைக் கையால் காற்றில் வரைவான், அடுத்த நொடி அவரே ஆகிவிடுவான். பிறகு கராந்ஸின் நடை. பிறகு திருடனின் விரல்கள் நழுவிப்போய்க் கடிகாரத்தை உருவும் வித்தை. மூன்று பேரையும் ஒருவனே ஆடிக்காட்டுவான், கூட்டம் சிரித்துக் கொண்டாடும். அவள் ஒரு பூவை அவன்மேல் எறிந்துவிட்டுப் போவாள். கூட்டத்தைச் சிரிக்கவைத்த முகம் அந்தப் பூவைப் பிடித்ததும் சட்டென்று அடங்கிவிடும். இந்தக் காட்சி முடிந்ததும் நிறுத்தி, பின்னே ஓட்டி, இன்னொருமுறை பார்க்கலாம். படம் முழுக்க நான் நிறுத்த அனுமதிக்கும் ஒரே இடம் இதுதான். பாப்தீஸ்தின் மொழியை நாம் கற்றுக்கொள்கிற இடம்.

இன்னொரு காட்சி இரவில், விடுதி அறையில். பாப்தீஸ்தும் கராந்ஸும் தனியாக இருப்பார்கள். அவள் காதல் எளிமையானது என்பாள். அவனுக்கு அது எளிமையாகத் தெரிவதில்லை. அந்த அறையில் அவன் என்ன செய்கிறான் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அவள் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பாகத்தில் அதே வரி திரும்ப வரும். சொல் மாறியிருக்காது, சுமை மாறியிருக்கும்.

பாகத்தின் பிற்பகுதியில் மேடைக் கூத்து ஒன்று வரும். பாப்தீஸ்த் நிலவொளியில் திரியும் பியரோ என்ற வெள்ளைமுகக் கோமாளியாகவும் கராந்ஸ் சிலையாகவும் ஆடுவார்கள். கதையே அங்கே ஊமையாக ஆடப்படுகிறது. பேசக் கூடாத அந்த மேடையில் ஒருத்தி ஒரு பெயரைக் கத்திவிடுவாள். ஒரே ஒரு சொல்தான். அதுவரை நீங்கள் நத்தாலியைக் கவனித்திருந்தால் அந்தச் சத்தம் உங்களைக் குத்தும்.

இடைவெளி: இருபது முதல் முப்பது நிமிடம்

திரை இறங்கிவிட்டது. 'அடுத்ததை ஓட்டு' என்று கை போகும், போக விடாதீர்கள். உடனே ஓட்டினால் காலையில் பிரிந்தவர்கள் மாலையில் சந்திப்பதுபோல ஆகிவிடும். கதையில் கழிந்த ஆண்டுகள் உங்கள் உடம்பில் பதியாது. மூன்று வாரம் விட்டால் என் கதிதான்.

எழுந்திருங்கள். விளக்கைப் போடுங்கள். முடிந்தால் வெளியே கொஞ்சம் நடங்கள். ஃபோனில் படத்தைப் பற்றித் தேடாதீர்கள், முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிடுவார்கள். கூடப் பார்க்கிறவர் இருந்தால் பேசுங்கள், ஆனால் ஒரே கேள்வியைச் சுற்றி: கராந்ஸ் கடைசியில் எடுத்த முடிவில் அவளுக்கு வேறு வழி இருந்ததா? வாக்குவாதம் வந்தால் நல்லது. என் அனுபவத்தில் இந்த அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள், அந்தச் சாய்வோடு இரண்டாம் பாகத்தில் நுழைவது படத்தை இன்னும் நெருக்கமாக்கும்.

அடுத்த நாள் பார்க்கிறவர்கள் முதல் பாகத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை மறுபடி ஓட்டிவிட்டு, திரை இறங்கியதும் ஒரு நிமிடம் சும்மா இருந்து, அப்புறம் தொடருங்கள். பத்து நிமிடக் கதைச் சுருக்கக் காணொளி எதுவும் அதற்கு ஈடாகாது.

இரண்டாம் பாகம்

இது வேறு வேகம். வீதி குறையும், அறைகளும் அரங்குகளும் கூடும். எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள், புகழ் வந்துவிட்டது, தவிப்பு மட்டும் பழையபடியே இருக்கிறது. லெமெத்ரின் நாடகக் கூத்து முதல் அரை மணி நேரத்தில் நன்றாகச் சிரிக்கவைக்கும், சிரியுங்கள். பிறகு அதே மனிதனுக்குப் பொறாமை என்றால் என்னவென்று முதல்முறையாகப் புரியும். அந்தப் பொறாமையைக் கொண்டுபோய் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ வேடத்தில் போடுவான். வலியைக்கூட வேலைக்கு ஆக்கிக்கொள்ளும் நடிகனின் மனதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படங்கள் குறைவு.

இந்தப் பாகத்தில் நான் பார்க்கச் சொல்வது துணித் திரைகளை. மேடைத் திரை, ஜன்னல் திரை, மாடத்துத் திரை. யார் எதை மூடுகிறார்கள், யார் எதை விலக்குகிறார்கள் என்று பாருங்கள். அரங்கு மாடியில் ஒருவன் ஒரு திரையை இழுத்து விலக்கும் நொடியில் கதையே திரும்பும். பழந்துணி விற்கும் கிழவன் ழெரிக்கோவையும் விட்டுவிடாதீர்கள். பாப்தீஸ்தின் மேடைக் கூத்திலும் ஒரு பழந்துணிக்காரன் வருவான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாப்தீஸ்தின் மனதுக்குள் நடப்பது தெரியும்.

கடைசிக் காட்சி திருவிழா. மறுபடி அந்த வீதி, மறுபடி கூட்டம். திரை முழுதாக இறங்கும்வரை ரிமோட்டைத் தொடாதீர்கள்.

பார்த்த பிறகு

படம் எடுக்கப்பட்ட கதையை இப்போது படிக்கலாம். அரங்க அமைப்பாளர் அலெக்சாந்தர் த்ரோனேரும் இசையமைப்பாளர் ழோசெஃப் கோஸ்மாவும் யூதர்கள். நாஜிகளின் பிடியில் சிக்காமல் மறைந்திருந்து வேலை செய்தார்கள், அவர்களுக்குப் பதிலாக மற்றவர்கள் வெளியே முகம் காட்டினார்கள். படத்தின் தொடக்க எழுத்துகளில் அந்த இருவரும் தலைமறைவாகப் பணியாற்றினார்கள் என்றே போட்டிருக்கிறது. அந்த எழுத்தை நான் கடந்துபோய்விட்டேன், மூன்றாம்முறை பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. ழெரிக்கோவாக நடிக்கத் தொடங்கிய நடிகர் ஆக்கிரமிப்பாளர் பக்கம் நின்றவர், நாடு விடுபடும் நேரத்தில் ஓடிவிட்டார். அந்த வேடத்தைப் பியேர் ரெனுவார் மறுபடி நடித்தார். விடுதலை பெற்ற பாரிஸில்தான் படம் முதலில் ஓட வேண்டும் என்று கார்னே வேலையை இழுத்தடித்தார், 1945 மார்ச்சில் அது நடந்தது. ஆனால் ஆர்லெத்தி அங்கே இல்லை. ஒரு ஜெர்மன் அதிகாரியோடு இருந்த உறவுக்காக அவர் காவலில் வைக்கப்பட்டிருந்தார்.

இதையெல்லாம் முன்பே படித்திருந்தால் கராந்ஸைப் பார்க்கும்போது ஆர்லெத்தியை எடைபோட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. படம் முடிந்த அன்றே, தூங்கப் போகும் முன், முதல் பாகத்தின் முதல் ஐந்து நிமிடத்தை மறுபடி ஓட்டுங்கள். அதே திரை விலகும், அதே வீதியில் அதே கூட்டம் நம்மை நோக்கி வரும். முதல்முறை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அலைந்த கண் இப்போது ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே போகும்.